கன்னிமார் உத்தரவு

அங்க நிக்காதீங்க தம்பி. அந்த ஓரம் ஆகாது. இக்கட்ட வாங்க, இந்தத் தென்ன நெழலுக்கு. நான் எப்பவும் இந்தப் பக்கந்தான் நிப்பேன். அந்தப் பக்கம் காலே வெக்கறதில்ல.

ஆமாங்க, நாந்தான் அர்த்தநாரி. தோட்டம் நம்முளுதுதான். நீங்கதான் புதுசா வந்திருக்கற ஆபீசருங்களா? நெம்பச் சின்ன வயசா இருக்கறீங்க. கண்ணாலம் ஆச்சுங்களா? ஆகலையா, செரி செரி, ஆகும். மொதல்ல இந்த எளநியக் குடிங்க. நம்ம மரத்து எளநி. தண்ணி நல்லாப் பாஞ்ச மரம், அதான் இப்படி இனிக்குது.

மறுபடியும் தோண்டப் போறோம்னு போன்ல சொன்னீங்க. நான் வேண்டாங்கலீங்க. கவர்மெண்டு வேல, வேண்டாங்கறதுக்கு நான் யாரு? என்ன, போன வாட்டி நடந்தத உங்க ஆபீசுல ஒரு மாதிரி சொல்லியிருப்பாங்க. கண்ணால பாத்தவன் நான் சொல்றேன், கேட்டுக்குங்க. கண்ணாலன்னா, அன்னிக்கு நான் ஊருல இல்லீங்க. ஆனாலும் என்ன நடந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

இந்த மேட்டுக்குப் பேரே கன்னிமார் மேடு. ஏழு கன்னிமாருக்கு ஏழு கல்லு. எங்கப்பன் காலத்துலயும் ஏர் மேல ஏறுனதில்ல, எங்காலத்துலயும் டிராக்டர் ஏறுனதில்ல. சுத்தியும் பானை ஓடு கெடக்கும். வாய்க்காக் கரை ஒடஞ்சா அள்ளிப் போட்டு அடைப்போம், அவ்வளவுதான் அதுக்கு மரியாத. அதைப் பாத்துட்டுத்தான் அந்த மேடம் வந்தாங்க. தமயந்தி மேடம். கடலூர்ப் பக்கமாம். தொப்பி போட்டுக்கிட்டு, ஒரு ஓட்டாஞ்சில்லைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஐயா, இது இந்த நாட்டுப் பானையே இல்ல, ரோம் தேசத்துல இருந்து கப்பல்ல வந்தது"ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. கடலு எங்க, எங்க ஊரு எங்க? எங்க வாய்க்காத் தண்ணி நொய்யலுக்குப் போறதுக்குள்ளயே காஞ்சிரும்.

நான் முடியாதுன்னு சொல்லத்தான் இருந்தனுங்க. நம்மூட்டுக்காரி முந்திக்கிட்டா. துளசிமணின்னு பேரு. "தோண்டிட்டுப் போகட்டுமுங்க, அடியில என்ன இருக்குதுன்னு நாமளுந்தான் பாக்கலாமே"ன்னா. வந்தவங்க முன்னால பொண்டாட்டி ஒண்ணு, புருசன் ஒண்ணுன்னு பேச முடியுங்களா? செரின்னுட்டேன்.

சோளம் அறுத்து முடிஞ்சு தோண்ட ஆரம்பிச்சாங்க. சதுரஞ் சதுரமா குழி. ரெண்டு குழிக்கு நடுவுல ஒரு மண் செவுரு விட்டுருவாங்க. அதத் தொடக்கூடாதாம். அதுல பாத்தாத்தான் எந்த மண்ணு எப்ப வந்து படிஞ்சதுன்னு வரிவரியாத் தெரியுமாம். உங்களுக்கே தெரியும், நான் என்னத்தச் சொல்றது. ஆளு பத்தலைன்னு ஊருப் பொம்பளைகளக் கூப்பிட்டாங்க. மொத ஆளாப் போயி நின்னவ யாருன்னு நெனைக்கறீங்க? நம்மூட்டுக்காரிதான். சொந்தத் தோட்டத்துல கூலிக்கு நிக்கறவள எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? நான் கேட்டேன். "கூலிக்கு இல்லீங்க, எனக்குப் புடிச்சிருக்குது"ன்னா.

புடிச்சிருக்குதாம். இத்தன வருசம் எங்கூடப் பொழச்சவ, எது புடிக்கும் எது புடிக்காதுன்னு வாயத் தெறந்ததில்ல. குழிக்குள்ள எறங்குனதுக்கப்பறம் வாய மூடறதே இல்ல. தலையெல்லாம் செம்மண்ணு. கையில ஒரு சின்னக் கரண்டியும் பிரஷ்ஷும். சோத்தப் போட்டு வெச்சுட்டு எதிர உக்காந்து, இன்னிக்குக் கூரை ஓடு வந்துச்சு, இன்னிக்கு அடி கூரா ரெண்டு காது வெச்ச சாடி வந்துச்சு, அது சாராயச் சாடியாம், கொளம்பு ஆறிக் கெடக்கும், அவ பேசிக்கிட்டே இருப்பா. மேடம் அப்படிச் சொன்னாங்க, மேடம் இப்படிச் சொன்னாங்க. எனக்கொண்ணும் பொறாமை இல்லீங்க. ஆம்பளைக்கு என்ன பொறாமை? சோறு சூடா வேணுமுன்னு சொன்னேன், அவ்வளவுதான்.

ஒரு நாளு என்னையவே குழிக்குள்ள எறக்கிக் காட்டுனா. "இது பெரிய வூடுங்க. இந்தப் பக்கத்துல எடுக்கற பச்சக் கல்ல வாங்கி அந்தத் தேசத்துக்கு அனுப்புன ஆளு வூடாம். பாருங்க, இது முத்தம், இது அறை, அக்கட்ட செங்கல் மேட தெரியுதே, அது சாமி கும்பிட்ட எடமா இருக்கலாமாம்." கன்னிமார் கல்லுக்கு நேராக் கீழ, செவுத்தோரமா அந்த மேட பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுல சுட்ட மண்ணுல பொம்பள உருவம், வரிசையா நிக்குது. மிச்சம் கல்லுக்கு அடியில. "நம்ம கன்னிமாருதாங்க. கீழயும் அவங்கதான் இருக்கறாங்க"ன்னு அவ குசுகுசுன்னு சொன்னா. மேடம் அதையும் நோட்டுல எழுதிக்கிட்டாங்க.

அதே குழியில இன்னொண்ணுங் காட்டுனா. ஒரு செங்கச் செவுரு நிக்காம, அப்படியே குப்புறப் படுத்துக் கெடக்குது. அதுக்கடியில வண்டல். "தண்ணி உள்ள வந்து அடியக் கரைச்சிருக்குது. செவுரு ஒரே தள்ளாச் சாஞ்சிருச்சு. அதோட வூட்ட விட்டுட்டுப் போயிட்டாங்களாம். ஏனுங்க, நம்ம தென்ன வரிசைக்கு நீங்க பாச்சற தண்ணி இந்தப் பக்கந்தான ஊறும்? குழி இருக்கற வரைக்கும் பகல்ல பாச்சாதீங்க"ன்னா.

வூட்டுக்காரி பேசறாளா மேடம் பேசறாங்களான்னு எனக்குச் சந்தேகமே வந்திருச்சு. எவனோ ஒருத்தன் ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி செவுர ஒழுங்காக் கட்டல, அதுக்கு எம்மரம் காயணுமா?

ஆனா நான் பேச்சு மாறாதவனுங்க. மேடமும் வந்து கேட்டாங்க, செரின்னேன். எங்க பக்கம் கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னு சொல்ல முடியாது பாருங்க, அதுக்கோசரம் எல்லாருமே மோட்டாருக்கு ஆட்டோ போட்டு வெச்சிருப்போம். கரண்டு வந்தா அதுவா ஓடும், போனா அதுவா நிக்கும். நான் அந்த ஆட்டோவை எடுத்து விட்டுட்டேன். பொழுதோட இவங்க எல்லாம் கெளம்புனப்பறம் நானே போயிப் போட்டு, நானே நிறுத்துவேன். பொழுதோட கரண்டு இல்லாத நாளுத் தண்ணியும் இல்ல, மரம் மஞ்சளடிச்சுப் போச்சு. குரும்ப உதிருது. அதையும் பொறுத்துக்கிட்டேன். யாராச்சும் ஒரு வார்த்த, அர்த்தநாரி பாவம்னு சொன்னாங்களா? நம்மூட்டுக்காரி சொன்னாளா?

எளநி இன்னொண்ணு வெட்டட்டுங்களா? வேண்டாமா. செரி.

இங்கதான் வெவகாரம் வந்துச்சு. மேடையோட மிச்சத்தப் பாக்கணும்னா மேல இருக்கற கன்னிமார நகத்தி வெக்கணும்னாங்க. அய்யர வெச்சுப் பூச போட்டு, அலுங்காம எடுத்து, பாலை மரத்தடியில வெச்சுக்கறோம்னாங்க. நான் சொன்னேன், நீங்களும் நானும் முடிவு பண்ற காரியமில்ல இது, பூக் கேக்கணும். உங்க ஊருல உண்டுங்களா? செவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். ஒரே மாதிரி எலையில மடிச்சு, குலுக்கிச் சாமி முன்னால போடறது. வெவரந் தெரியாத புள்ள ஒண்ண விட்டு எடுக்கச் சொல்றது. வெள்ள வந்தா சாமி உத்தரவு குடுத்திருச்சு. செவப்பு வந்தா தொடாதேன்னு அர்த்தம். மேடம் மறுக்கல. "கேளுங்க ஐயா, செவப்பு வந்தா நாங்க விட்டுடறோம்"னாங்க. நல்ல பொம்பளதான், இல்லைங்கல.

விடிஞ்சதும் குளிச்சுப்போட்டு நானும் பூசாரியும் போனோம். பூசாரி பேத்திய விட்டு எடுக்கச் சொன்னோம். வெள்ள வந்துச்சு. ஆனா அந்தப் புள்ள மூக்கத் தொடச்சுட்டு அதே கையில எடுத்திருச்சுங்க. அசுத்தக் கையில எடுத்தது எப்படிச் செல்லும்? கையக் கழுவி விட்டு மறுக்கா எடுக்கச் சொன்னேன். மறுக்காவும் வெள்ள. அப்பத்தான் கவனிச்சேன், வெள்ளைப் பொட்டலம் கொஞ்சம் பெருசு. புள்ள பெருசத்தான எடுக்கும்? பிரிச்சு, செரியா மடிச்சு, மூணாவதா எடுக்கச் சொன்னேன். செவப்பு! பாத்தீங்களா? ஆத்தா உத்தரவு தரல. தெளிவாச் சொல்லிட்டா.

போயி மேடத்துகிட்டச் செவப்புன்னு சொல்லியாச்சு. அவங்களும் முகஞ் சுருங்கி, செரிங்க ஐயான்னு ஆளுகளுக்கு வேற குழி பிரிச்சுக் குடுத்தாங்க. அதோட முடிஞ்சிருக்கும். நம்மூட்டுக்காரிதான், பூசாரி வூட்டுக்கு மோரு வாங்கப் போனவ, என்னத்தையோ கேட்டுட்டு வந்து, அத்தன பேரு முன்னால சொல்லிட்டா. "மொத ரெண்டு தடவையும் வெள்ளதானுங்க மேடம் வந்துச்சு."

நான் எங்க போயி மூஞ்சிய வெச்சுக்கறது? சொல்லுங்க. கட்டுன பொண்டாட்டி, ஊரே பாக்குது. எனக்கு நெஞ்சே எரிஞ்சு போச்சுங்க. அன்னியில இருந்து அவகூடப் பேசறத விட்டுட்டேன். சோறு வெப்பா, திம்பேன். அவளா ஏதாச்சும் கேப்பா, நான் செவுத்தப் பாத்துக்குவேன். "ஏனுங்க, கோவமா? ஆத்தா நல்ல வார்த்ததான சொல்லியிருக்குது, அத மறைக்கலாமுங்களா"ன்னு ஒருக்கா பக்கத்துல வந்து உக்காந்தா. எந்திரிச்சுப் போயிட்டேன். மானமுன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?

கல்ல எடுத்துட்டாங்க. பூச போட்டு, பொங்க வெச்சு, பாலை மரத்தடிக்குக் கொண்டு போயிட்டாங்க. நான் அந்தப் பக்கமே போகல.

கல்ல எடுத்த மறுநாளு எம்மச்சான் வூட்டுல காதுகுத்து, தாராபுரத்துல. போகாம இருக்க முடியுங்களா? அந்த வாரம் பகல்லதான் கரண்டு. நான் ஊருல இருக்க மாட்டேன், எம்மரத்த யாரு பாக்கறது? அதனால தென்ன வரிசைக்கு மடையத் தெறந்து விட்டுட்டு, ஆட்டோவையும் போட்டு விட்டேன். ஊருல எல்லாருஞ் செய்யறதுதான். எத்தன நாளைக்குத்தான் தண்ணியில்லாமக் கெடக்கும், அதுவும் உசுருதானுங்க? மோட்டார் ரூமப் பூட்டிச் சாவிய இடுப்புல செருகிக்கிட்டேன். அது எப்பவும் இடுப்புலதான் இருக்கும். பாருங்க, இப்பவும் இருக்குது.

வண்டியேறப் போறப்ப அவ பின்னாலயே ஓடியாந்தா. "ஏனுங்க, மோட்டார் ரூமுச் சாவியக் குடுத்துட்டுப் போங்க. கரண்டு கிரண்டு வந்துச்சுன்னா"ன்னா. நாந்தான் அவகூடப் பேசறதில்லையே தம்பி. பேசாதவன் எப்படிச் சாவியக் குடுப்பேன்? போயிட்டேன்.

அப்பறம் நடந்ததெல்லாம் மத்தவங்க சொன்னது. எல்லாரும் மரத்தடியில சோறு திங்கப் போயிருக்கறாங்க. கரண்டு வந்திருக்குது, மோட்டாரு ஓடியிருக்குது. சத்தத்த மொதல்ல கேட்டது அவதானாம். மோட்டார நிறுத்துங்க, மோட்டார நிறுத்துங்கன்னு கத்தியிருக்கறா. ஆளுக ஓடிப் போயி ரூமுப் பூட்ட ஆட்டிப் பாத்திருக்கறாங்க. கல்லால அடிச்சுப் பாத்திருக்கறாங்க. நல்ல பூட்டுங்க அது, கோயமுத்தூருல வாங்குனது. இன்னுங் கொஞ்சம் பேரு மம்பட்டிய எடுத்துக்கிட்டு மடைய அடைக்க ஓடியிருக்கறாங்க. அதுக்குள்ள மேடையோரத்துல தண்ணி கசியறத இவ பாத்துட்டா. உருவமெல்லாம் சேத்துல பொதஞ்சு போயிருமேன்னு குழிக்குள்ள எறங்கிட்டா. மேடம் துளசி வேண்டாம், துளசி வேண்டாம்னு கத்திக்கிட்டே ஓடியாந்தாங்களாம். ஒரு உருவத்த எடுத்து மேல நீட்டுனாளாம். மேடம் கையில வாங்குனாங்களாம். அப்பத்தான் அந்தச் செவுரு, மண்ணு வரி தெரியணும்னு விட்டு வெச்ச அந்தச் செவுரு, ஒரே தள்ளாச் சாஞ்சிருச்சு.

தோண்டித் தோண்டி எடுத்திருக்கறாங்க. தோண்டறதுக்குன்னே வந்த ஆளுக, அத்தன மம்பட்டி இருந்தும், நேரத்துக்கு எடுக்க முடியல.

நான் வந்து சேந்தப்ப வாசல்ல படுக்க வெச்சிருந்தாங்க. தலையெல்லாம் செம்மண்ணு. தெனமும் அப்படித்தான் வருவா. அன்னிக்கும் எந்திரிச்சு ஒக்காந்து, இன்னிக்கு என்ன வந்துச்சு தெரியுங்களான்னு ஆரம்பிப்பான்னு நெனச்சனுங்க. அவ இல்லாம அது வூடே இல்ல தம்பி. சோத்த நானே பொங்கிக்கறேன். சூடாத்தான் திங்கறேன்.

போலீசு வந்து கேட்டாங்க. என்னத்தச் சொல்றது? வாய்க்காக் கரையில எலி வளை இருந்திருக்கும், அதுவழியாத் தண்ணி பூந்திருக்கும்னேன். எலி வளை இல்லாத வாய்க்கா உண்டுங்களா? எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. ஆனா உண்மையான காரணம் அதில்லைன்னு எனக்குத் தெரியும், ஊருக்குந் தெரியும். ஆத்தா வேண்டாம்னு செவப்புக் குடுத்தா, கேக்கல. கேக்காதவங்கள்ல யாரு உத்தரவப் பொரட்டிச் சொன்னாளோ, அவளையே எடுத்துக்கிட்டா. தெய்வம் கணக்குத் தப்பாது பாருங்க.

மேடம் மாத்தலாகிப் போறப்ப வந்தாங்க. வாசப்படியிலயே நின்னாங்க, உள்ள வரல. "சாவியக் குடுத்துட்டுப் போயிருக்கலாமே ஐயா"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னது. எந்தோட்டம், எங்கெணறு, எஞ்சாவி. அத யாருகிட்டக் குடுக்கறது, குடுக்கக்கூடாதுன்னு கடலூருல இருந்து வந்து சொல்லணுமா? புருசன் பொண்டாட்டி வெவகாரம் அவங்களுக்கு என்ன தெரியும்? அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல தம்பி. ராத்திரியில முழிப்புத் தட்டுனா அந்த ஒரே வார்த்ததான் காதுல கேக்குது. அப்படியென்ன பெரிய வார்த்த அது?

செரி விடுங்க, போனது போச்சு. ஏழு கல்லையும் நானே தூக்கியாந்து பழைய எடத்துக்குக் கிட்டத்துலயே, அந்தா, குழியோரத்துல நட்டு வெச்சுட்டேன். ஆத்தா மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். நீங்க எறங்கிப் பாக்கணுங்கறீங்க, பாருங்க. ஏணி போட்டுத்தான் இருக்குது. மேடையில பாதி இன்னும் அப்படியே இருக்குது. மண்ணு செத்த ஈரமாத்தான் இருக்கும், பயப்படாதீங்க, தென்னைக்குப் பாயற தண்ணிதான். நான் வரலீங்க. எனக்கு முட்டி ஆகாது.

பாத்து, பாத்து எறங்குங்க. அந்தா, செவுத்தோரமா. ஆமா, அதேதான். அங்கதான்.

கீழ எறங்குனதுதான் எறங்கிட்டீங்க, உத்தரவு கேட்டுருவோமா? புதுசாத் தோண்டறதுன்னா புதுசாத்தான் கேக்கணும். பொட்டலம் மடிச்சே கொண்டாந்துட்டேன், பையிலதான் இருக்குது. புள்ளைக்கு எங்க போறது, நீங்களே வெவரந் தெரியாதவருதான இந்தத் தோட்டத்துக்கு. இந்தாங்க, ரெண்டையும் போடறேன். குனிஞ்சு ஒண்ண எடுங்க. கண்ண மூடிக்கிட்டு.

வெள்ளையா?

எளநி குடிச்ச கை தம்பி, ஈரமா இருக்குது. நல்லாத் தொடச்சுட்டு இன்னொருக்கா எடுங்க.

வெள்ளையேவா. அப்படியா.

என்ன சத்தம்? அது நம்ம மோட்டாருதானுங்க. கரண்டு வந்திருச்சு. ஆட்டோவுலதான் போட்டிருக்கறேன். நிறுத்தறேன், நிறுத்தறேன், நிறுத்தாம என்ன? சாவி எங்கிட்டத்தான இருக்குது. மேல ஏற என்ன அவசரம், ஏணிய அப்பறம் பாக்கலாம். மூணாவது தடவையும் எடுங்க தம்பி, மொதல்ல ஆத்தா என்ன சொல்றான்னு பாத்துருவோம்.